பழைய வால்வு ஆம்புக்கு ஒரு புதிய ரிவெர்ப் டேங்க்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டேங்க் நன்றாக இருக்கிறது. (கிட்டார் ஒலிக்குப் பின்னால் எதிரொலிபோல் நீளும் வால்தான் ரிவெர்ப்; அதை உண்டாக்கும் ஸ்பிரிங்குகள் உள்ள தகரப் பெட்டிதான் டேங்க்.) 4ஏபி3சி1பி என்ற குறியீடு கொண்ட, ஏறக்குறைய 17 அங்குல நீளமுள்ள, வழக்கமான நீள ரிவெர்ப் டேங்க் அது. என் கிட்டார் ஆம்பில் பெயருக்கு மட்டும் இருந்த ரிவெர்ப், அதை மாட்டிய அன்றே உயிர் பெற்றுவிட்டது. ஆனால் ரிவெர்ப் பலவீனமாக இருக்கிறது என்பதற்காக இதை வாங்க நினைக்கும் பலருக்கு இது தேவைப்படாது. ஆகவே டேங்கைப் பற்றி எழுதும் அளவுக்கு, அதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றியும் எழுதுகிறேன். வாங்கியபின் படிக்கிறவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மனம்தான் சற்று வலிக்கும்.

தயாரித்தவர் பெயரை எழுதவில்லை. இந்தக் குறியீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் டேங்க் செய்கிறார்கள். எவர் செய்தாலும் அந்த ஏழு எழுத்துகளும் எண்களும் சரியாக இருந்தால் வேலை நடக்கும். ஓர் எழுத்து மாறினாலும், பெயர் எவ்வளவு பெரியதானாலும், வேலை நடக்காது. என் கதையே அந்த ஓர் எழுத்தைப் பற்றியதுதான்.

ஆம்ப் பழையது. இரண்டு 6வி6 பவர் வால்வுகள், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு சேனல்கள். உள்ளே இருப்பது அமெரிக்க ஆம்ப் நிறுவனமான ஃபெண்டரின் புகழ்பெற்ற ஏபி763 வகைச் சுற்று. இந்தச் சுற்றில் ரிவெர்ப் குமிழை மூன்றில் வைத்தாலே அறை விரிந்ததுபோல் இருக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிய வேண்டும். என்னிடம் வந்தபோது ஏழுவரை திருப்பியும் ஒன்றும் இல்லை. எட்டு, ஒன்பதில் மெலிதாக, உலோகம் உரசுவதுபோல ஒரு வால் மட்டும் கேட்டது. பத்தில் ரிவெர்பைவிட இரைச்சல்தான் அதிகம். மற்றபடி ஆம்ப் அருமையாகப் பாடியது. சுத்தமான ஒலி, போதுமான சத்தம், டிரெமெலோ (ஒலியளவை ஏற்றி இறக்கும் விளைவு) ஒழுங்காகத் துடித்தது. ரிவெர்ப் மட்டும் விலகி நின்றது.

இங்கே ஓர் இடைச்செருகல். இந்த வகை ஆம்புகளில் ரிவெர்ப் 'வைப்ராட்டோ' என்று எழுதிய சேனலுக்கு மட்டுமே உண்டு. 'நார்மல்' சேனலில் கிட்டாரைச் செருகிவிட்டு ரிவெர்ப் வரவில்லை என்று ஆம்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், முன்பக்க எழுத்துகள் தேய்ந்துபோன பழைய ஆம்பில் இது எளிதில் நடக்கும்.

ஸ்பிரிங் ரிவெர்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சோதனைகளின் பொருள் புரியும். நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஏற்படும் தாமதத்தைப் போலிசெய்து ஆராய்வதற்காக பெல் ஆய்வகத்தில் ஸ்பிரிங்குகளைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருத்தை ஹேமண்ட் ஆர்கன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேவாலயத்தில் ஒலிக்க வேண்டிய கருவி சிறிய வீட்டு அறையில் வறண்டு கேட்டது அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்தது. ஃபெண்டர் 1961இல் ரிவெர்பைத் தனிப் பெட்டியாக விற்றது. 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள்ளேயே வைத்தது. அதன்பின் வந்த டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் போன்றவற்றின் சுற்றைத்தான் உலகம் முழுவதும் இன்றும் நகலெடுக்கிறார்கள்.

ஒலி போகும் வழி இதுதான். கிட்டாரின் ஒலிச்சமிக்ஞை 500 பிக்கோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றின் வழியாக 12ஏடி7 வால்வுக்குள் நுழைகிறது. அந்த வால்வின் இரண்டு பாதிகளும் இணையாகச் சேர்ந்து ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரை இயக்குகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் டேங்கின் நுழைவுச் சுருளுக்கு மின்னோட்டம் தருகிறது. சுருளின் காந்தப்புலம் சிறு காந்தமொன்றை அசைக்க, அதில் மாட்டிய ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு அதிர்கிறது. அதிர்வு மறுமுனைக்குப் போய், அங்குள்ள சுருளில் மிக நுண்ணிய மின்னழுத்தமாக மாறுகிறது. அதை 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி பெரிதாக்கி ரிவெர்ப் குமிழுக்கு அனுப்புகிறது. ஆக மூன்று கட்டங்கள்: தள்ளும் பக்கம், நடுவில் டேங்க், மீட்டெடுக்கும் பக்கம். எது சோர்ந்தாலும் நம் காதுக்கு ஒரே அறிகுறிதான். இந்த நோயில் மருத்துவரைக் குழப்புவதும் அதுவே.

நல்ல செய்தி என்னவென்றால், டேங்க் இரண்டு கேபிள்களால் ஆம்போடு இணைந்திருக்கிறது. அவற்றைப் பிடுங்கினால் மூன்று கட்டங்களும் தனித்தனியாகிவிடும். சேசிஸை, அதாவது சுற்று அடங்கிய உலோகப் பெட்டியை, திறக்காமலே பெரும்பாலான உண்மைகளைக் கறந்துவிடலாம். திறக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டிக் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டு அளந்து உறுதிசெய்யத் தெரியாதவர்கள் உள்ளே கை வைக்கவே கூடாது. பழைய ஆம்பில் இன்னும் இரண்டு முனை பிளக் இருந்தால் ரிவெர்பை மறந்துவிட்டு, மண்ணிணைப்புள்ள மூன்று முனை கேபிளை மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுதான் முதல் வேலை.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ரிவெர்ப் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பிவிட்டு ஆம்பைச் சற்றுத் தூக்கி ஆட்டுங்கள், அல்லது டேங்க் இருக்கும் பையை விரலால் தட்டுங்கள். இடி இறங்கியதுபோல் ஒரு முழக்கம் கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பிரிங்குகள், வெளியேறும் பக்கத்துச் சுருள், மீட்டெடுக்கும் வால்வு, குமிழ் எல்லாம் நலம். குற்றவாளி தள்ளும் பக்கத்தில், அல்லது டேங்கின் நுழைவுப் பாதியில் இருக்கிறான். முழக்கம் கேட்கவில்லை, அல்லது மெலிதாகக் கேட்டது என்றால் மீட்டெடுக்கும் பக்கம் அல்லது டேங்கின் பின்பாதி. ஒரு தட்டில் பாதி ஆம்ப் சந்தேகத்திலிருந்து விடுபடுகிறது. என் ஆம்பில் முழக்கம் அட்டகாசமாக வந்தது. மேசையில் இருந்தவை குதித்தன.

முழக்கம் வராதவர்கள் இரண்டாவது சோதனைக்குப் போகலாம். டேங்கின் வெளியேறும் முனையில் இருக்கும் ஆர்சிஏ பிளக்கைக் கழற்றி, அதன் நடு முனையை விரலால் தொடுங்கள். ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கை வேறெதிலும் படக் கூடாது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று பலமான முனகல் வந்தால் மீட்டெடுக்கும் பக்கம் உயிரோடு இருக்கிறது, டேங்கின் பின்பாதியில்தான் கோளாறு. வராவிட்டால் கேபிள், 12ஏஎக்ஸ்7, குமிழ் என்று வரிசையாகப் பார்க்கலாம். மண்ணிணைப்பு சரியாக உள்ள ஆம்பில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. டேங்கின் நுழைவு முனைக்குப் போகும் கேபிளைக் கழற்றி, டேங்குக்குப் பதிலாக 8 ஓம் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை அதில் இணைத்துவிட்டு கிட்டாரை வாசியுங்கள். தள்ளும் பக்கம் நலமாக இருந்தால் அந்தச் சிறிய ஸ்பீக்கரில் உங்கள் கிட்டார் கேட்கும். அடிச்சுரம் இல்லாத மெல்லிய ஒலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். அந்த 500 பிக்கோஃபாரட் கப்பாசிட்டரும் அடுத்துள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து சுமார் 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வேண்டுமென்றே வெட்டிவிடுகின்றன. ஸ்பிரிங்கில் அடிச்சுரம் போனால் எல்லாம் சேறாகிவிடும். ஒலி கேட்காவிட்டால், அல்லது காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது என்றால், 12ஏடி7ஐ மாற்றிப் பாருங்கள். பலவீனமான ரிவெர்புக்கு அடிக்கடி காரணமாகிற ஒரே பொருளைச் சொல் என்றால் நான் இந்த வால்வைத்தான் சொல்வேன். கையேட்டின்படி 12ஏடி7இன் பிளேட் (வால்வின் நேர்மின் தகடு) தாங்கக்கூடிய உச்சம் 300 வோல்ட். இந்தச் சுற்று அதை 400க்கு மேல் வேலை வாங்குகிறது. அது சோர்வதில் வியப்பில்லை. மாற்றுவதற்கு சேசிஸைத் திறக்க வேண்டியதில்லை. ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, தகரக் குடுவையைக் கழற்றி வால்வை நேராக இழுத்தால் போதும். புதிய டேங்க் வாங்கும் செலவில் சிறு பகுதிதான் ஆகும்.

என் ஆம்பில் சிறிய ஸ்பீக்கர் தெளிவாகவே பாடியது. அப்படியானால் தள்ளும் பக்கம் நலம். ஆட்டியபோது முழக்கம் வந்ததால் டேங்கின் பின்பாதியும் மீட்டெடுக்கும் பக்கமும் நலம். மிஞ்சுவது டேங்கின் நுழைவுச் சுருளும் அதற்குப் போகும் இணைப்பும் மட்டுமே. துப்பறியும் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் வரும் திருப்தியை இந்த இடத்தில் ஒரு ஆம்ப் தந்தது.

டேங்கைப் பையிலிருந்து எடுத்தேன். கேபிள்கள் மாறிச் செருகப்படவில்லை. அது முதலில் பார்க்க வேண்டியது, ஏனெனில் நுழைவும் வெளியேற்றமும் மாறினால் ரிவெர்ப் ஏறக்குறைய மறைந்துவிடும். பிளக்குகளின் பச்சைக் களிம்பைத் துடைத்தேன், பயனில்லை. சுருளிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் முடிபோன்ற கம்பிகளும் அறுபடவில்லை. பிறகு மல்டிமீட்டரை நுழைவுச் சாக்கெட்டில் வைத்தேன். 58 ஓம்.

மீட்டரைப் பார்த்ததும் கதை முடிந்தது. இந்த ஆம்புக்கான டேங்கின் நுழைவுச் சுருள் ஏறக்குறைய 0.8 ஓம் காட்ட வேண்டும். மீட்டரின் கம்பிகளே சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்டும் என்பதால், அவற்றை ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும். 58 ஓம் என்றால் அது 'ஈ' வகைச் சுருள். மின்மறுப்பு, அதாவது மீட்டர் காட்டும் தடை அல்லாமல் ஒலிச்சமிக்ஞைக்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்பு, 600 ஓம். வால்வுக்குப் பதிலாக ஐசி எனும் சில்லுகள் உள்ள சுற்றுகள் நேரடியாக இயக்கும் ஆம்புகளுக்கானது. எனக்கு முன் இந்த ஆம்பை வைத்திருந்த யாரோ, பழைய டேங்க் போனபோது, அதே நீளம், அதே சாக்கெட்டுகள், அதே நான்கு துளைகள் என்று பார்த்து ஒன்றைப் பொருத்திவிட்டிருக்கிறார். வெளியிலிருந்து இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே முத்திரையிட்ட குறியீடு அழிந்துபோயிருந்தது. சுருளின் நெகிழித் துண்டு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, 8 ஓம் சுருளில் அது வெள்ளை. ஆனாலும் நிறத்தை நம்புவதைவிட மீட்டரை நம்புவதே நல்லது.

600 ஓம் டேங்கை 8 ஓம் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால் ஏன் ரிவெர்ப் அடியோடு சாகாமல் மெலிகிறது? ஸ்பிரிங்கை அசைப்பது சுருளில் ஓடும் மின்னோட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்த பெருக்கல். 600 ஓம் சுருளில் சுற்றுகள் அதிகம். 75 மடங்கு மின்மறுப்புக்கு அதன் வர்க்கமூலமாகிய 8.7 மடங்கு சுற்றுகள் என்று கொள்ளலாம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் தரும் சிறிய மின்னழுத்தத்தில் மின்னோட்டம் 75 மடங்கு குறைகிறது. நிகரம் எட்டு, ஒன்பது மடங்கு பலவீனம். டெசிபெல்லில் ஏறக்குறைய 19. எட்டில் வைத்தால்தான் மெல்லிய வால் கேட்டது ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. டேங்கில் கோளாறு எதுவும் இல்லை. தவறான வீட்டில் குடியிருந்தது, அவ்வளவுதான்.

இனி நான் வாங்கியது. குறியீட்டைப் பிரித்துச் சொன்னால் நீங்கள் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். முதல் 4 என்பது நீள டேங்க், இரண்டு ஸ்பிரிங் வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் நடுவில் இணைக்கப்பட்ட இரண்டு துண்டுகள் என்பதால் எண்ணினால் நான்கு வரும். அடுத்த ஏ என்பது 8 ஓம் நுழைவு. நம் வகை ஆம்புக்கு உயிர்நாடி இந்த எழுத்துதான். பி என்பது 2250 ஓம் வெளியேற்றம். மீட்டரில் ஏறக்குறைய 200 ஓம் காட்டும். அடுத்த 3 நீண்ட தேய்வு, அதாவது 2.75 முதல் 4 விநாடிவரை. 2 என்றால் நடுத்தரம், 1 என்றால் குறுகியது. சி என்பது நுழைவுச் சாக்கெட் தகரப் பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டும் வெளியேற்றச் சாக்கெட் பெட்டியோடு இணைந்தும் இருக்கிறது என்பதைக் குறிக்கும். இதை மாற்றி வாங்கினால் தரை இணைப்பு வளையமாகி முனகல் வரலாம். 1 என்றால் ஸ்பிரிங்குகளை அசையாமல் பிடிக்கும் பூட்டு இல்லை. கடைசி பி என்றால் திறந்த பக்கம் கீழே பார்த்தபடி படுக்கை வாக்கில் பொருத்துவதற்கானது. ஆம்பின் அடிப்பலகையில் கிடக்கும் டேங்குக்கு அது சரி. நிறுத்தி வைக்கிற ஆம்பென்றால் கடைசி எழுத்து வேறாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகளின் தொய்வை அதற்கேற்பத்தான் அமைத்திருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மீட்டரைத்தான் எடுத்தேன். நுழைவு 0.8, வெளியேற்றம் 203. குறியீடு பொய் சொல்லவில்லை. ஸ்பிரிங்குகள் பயணத்தில் குலுங்காமலிருக்க மடித்த அட்டை ஒன்றை உள்ளே செருகியிருந்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அதை எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட எங்கும் எழுதவில்லை. அதை எடுக்காமல் பையில் போட்டு மாட்டினால் புத்தம்புது டேங்கும் ஊமையாகத்தான் இருக்கும். வாங்கியவர் ஆம்பைப் பிரிக்கத் தொடங்குவார். ஒரு சிவப்புத் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கலாம்.

தகரப் பெட்டி வலுவானது. உள்பெட்டியை வெளிப்பெட்டியோடு இணைக்கும் நான்கு சிறு தொங்கு ஸ்பிரிங்குகளும் சம இழுப்பில் இருந்தன. ஸ்பிரிங் வரிசைகள் இரண்டும் வெவ்வேறு தாமதம் தருவன, ஒன்று 33, மற்றது 41 மில்லி விநாடி. இரண்டும் ஒன்றாக இருந்தால் எதிரொலி எண்ணக்கூடிய தட்டல்களாகக் கேட்கும். வேறுபாட்டால்தான் அது கலங்கி இயல்பாகிறது. கொக்கிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன், ஒழுங்காகவே வளைத்திருக்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டிய இடம் சாக்கெட்டுகள். வெளியேற்றச் சாக்கெட் இளகலாக இருக்கிறது. பிளக்கின் வெளி இதழ்களைச் சற்று உள்நோக்கி வளைத்த பிறகே கவ்விப் பிடித்தது. இத்தனை நுண்ணிய சமிக்ஞை போகிற இடத்தில் இது சிக்கனம் பிடிக்க வேண்டிய பொருள் அல்ல. அடிமூடி அட்டையும் தரவில்லை. பழைய டேங்குகளில் திறந்த பக்கத்தை மூட ஓர் அட்டை இருக்கும். ஸ்பீக்கரின் அதிர்வு நேராக ஸ்பிரிங்குகளைத் தாக்காமல் அது தடுக்கும். என் ஆம்பின் பழைய பை கிழியாமல் இருந்ததால் தப்பித்தேன். பை தொலைந்துவிட்ட ஆம்பு என்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒலியளவைக் கூட்டியதும் டேங்க் ஊளையிடும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது எந்த முனை எந்தப் பக்கம் என்பது. வெளியேற்றச் சுருள் மிகக் கூர்மையான காதுடையது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக்கூடக் கேட்டுவிடும். அதனால் வெளியேற்ற முனை பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். பையைத் திருகாணியில் இறுக்குவதற்கு முன் ஆம்பைப் போட்டு, ரிவெர்ப் குமிழை உயர்த்தி, டேங்கை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் முனகல் பாதியாகக் குறைந்தது. அங்கேயே இறுக்கிவிட்டேன். திருகாணிகளை முழுவதும் முறுக்கவில்லை. பை சற்று ஆட இடம் இருந்தால் தரையின் அதிர்வு டேங்குக்கு ஏறாது.

ஒலி. இரண்டில் வைத்தால் ரிவெர்ப் இருப்பதே தெரியாது. அணைத்தால்தான் இல்லாதது தெரிகிறது. நான் பெரும்பாலும் வாசிப்பது இந்த இடத்தில். மூன்றரையில் ஒற்றைச் சுரத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் போல ஒரு நீட்சி கிடைக்கிறது, அடுத்த சுரத்தை அது மறைப்பதில்லை. ஐந்தில் கட்டைவிரலால் தடித்த கம்பியை அமுக்கித் தட்டினால் அந்தப் பழைய 'சளக்' ஒலி, ஈரம் சொட்டும் ஒலி, தெளிவாக வருகிறது. அலைச்சறுக்கு இசைக்காரர்கள் தேடுவது அதைத்தான். ஆறுக்கு மேல் எனக்கு அங்கே வேலையில்லை. ஏழில் நான்கு சுரங்கள் வாசித்தால் ஐந்தாவதாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) உள்ள கிட்டாரில் இந்த டேங்க் அழகாகத் தனித்துக் கேட்கிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில் ஸ்பிரிங்கை இன்னும் பலமாகத் தள்ளுகிறது. கூர்மையாகக் கம்பியை இழுத்தால் வாலின் தொடக்கத்தில் சிறு பொரிவு. ஏபி763 சுற்றில் தள்ளும் அளவைத் தனியாகக் கட்டுப்படுத்தக் குமிழ் கிடையாது, தனி ரிவெர்ப் பெட்டிகளில் அது உண்டு. ஆகவே கிட்டாரின் ஒலியளவைக் கொஞ்சம் இறக்குவதுதான் வழி.

நண்பர் ஒருவரின் ஆம்பில் இதே வகையைச் சேர்ந்த பழைய டேங்க் இருக்கிறது. இரவல் வாங்கி, ஒரே ஆம்பில் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டேன். அளவில் வேறுபாடு இல்லை. குணத்தில் உண்டு. பழையது சற்று மங்கலாக, மேற்சுரங்கள் வட்டமாகத் தேய்கின்றன. புதியது பளிச்சென்று தொடங்கி அதே பளபளப்போடு முடிகிறது. பழமை மீது மயக்கம் உள்ளவர்கள் முதல் ஒலியைத் தேர்வார்கள். எனக்கு நேர்மையாகவே புதியது பிடித்திருக்கிறது. மற்ற கருவிகளோடு சேர்ந்து வாசிக்கும்போது அந்தப் பளிச்சு காதில் விழுகிறது; பழையதன் மென்மை கூட்டத்தில் கரைந்துபோகிறது. ஒன்று மட்டும்: வேகமான தாளக்கட்டில் கோர்டுகளை வெட்டி வெட்டி வாசிப்பவர்களுக்கு 3 என்ற நீண்ட தேய்வு இடையூறு. அவர்கள் 4ஏபி2சி1பி வாங்கினால் நன்றி சொல்வார்கள்.

சோதனைகள் தள்ளும் பக்கத்தையோ மீட்டெடுக்கும் பக்கத்தையோ காட்டிக்கொடுத்து, வால்வுகளை மாற்றியும் தீரவில்லை என்றால் இந்த டேங்கை வாங்காதீர்கள். அந்தப் பணத்தை வால்வு ஆம்ப் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர் முதலில் பார்க்கப்போவது 12ஏடி7இன் கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனையில்) உள்ள 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதன் பக்கத்திலுள்ள 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரையும். அந்த மின்பகு கப்பாசிட்டர் பல பத்தாண்டுகளில் உலர்ந்துவிடும். உலர்ந்தால் வால்வின் பெருக்கம் இறங்கும். கேத்தோடில் 8 வோல்ட் அளவில் இருக்க வேண்டியது மிகக் குறைந்திருந்தால் வால்வோ பிளேட்டுக்கு வரும் மின்னழுத்தமோ சோர்ந்திருக்கிறது. மீட்டெடுக்கும் பக்கத்தில் 12ஏஎக்ஸ்7இன் மறுபாதிதான் வைப்ராட்டோ சேனலின் நேரடி ஒலியையும் பெருக்குகிறது, இரண்டு பாதிகளுக்கும் கேத்தோடு பொது. அதனால் ரிவெர்ப் மெலிந்ததோடு அந்த சேனலே நார்மலைவிடச் சோகையாகக் கேட்டால், அந்த வால்வையும் அதன் கேத்தோடு கப்பாசிட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பழுதுபார்ப்பவர் கேள்வி எதுவும் கேட்காமல், எதையும் தட்டிப் பார்க்காமல், டேங்கை மாற்றிவிடலாம் என்று சொன்னால் ஆம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கால் சுவிட்சையும் விட்டுவிடக் கூடாது. ரிவெர்பை அணைக்கும் சுவிட்ச் உண்மையில் ரிவெர்ப் சமிக்ஞையைத் தரையோடு சேர்த்துவிடுகிறது. பலமுறை மிதிபட்ட கேபிளின் உறை நைந்து உள்ளே கசிந்தால், சுவிட்ச் திறந்திருக்கும்போதே ரிவெர்பில் ஒரு பகுதி தரைக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். ரிவெர்ப் மீண்டால் வாங்க வேண்டியது கேபிள்.

டேங்கை மாற்றியபின் எனக்கு வந்தது எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை. ரிவெர்ப் குமிழ் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில் தாவிவிடுகிறது. எனக்கு வேண்டிய அளவுகள் எல்லாம் அந்தச் சிறு இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இந்தச் சுற்றின் சுபாவமே அப்படித்தான், டேங்கின் குற்றமில்லை. 12ஏடி7 இருக்கும் இடத்தில் 12ஏயு7 போட்டுப் பார்த்தேன். பின்கள் ஒன்றே, பெருக்கம் குறைவு. குமிழ் சாந்தமானது, ஆனால் 'சளக்' ஒலியும் அதோடு போய்விட்டது. 12ஏடி7ஐயே திரும்பப் போட்டுவிட்டு, குமிழை இரண்டுக்குக் கீழே மயிரிழை அளவில் திருப்பக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பழைய 600 ஓம் டேங்கை ஐசி ஆம்ப் வைத்திருக்கும் ஒருவர் எடுத்துப்போனார். அவருடைய ஆம்பில் அது நன்றாகவே ஒலிக்கிறது என்கிறார்.